பழைய காரின் ஹெட்லைட் மங்கலா? பல்ப் வாங்கும் முன் மீட்டரை எடுங்கள்

ஹெட்லைட் மங்கிவிட்டது என்றால் நம்மில் பெரும்பாலானவர்கள் நேராகப் போய் நிற்பது உதிரிபாகக் கடையில். கடைக்காரர் வழக்கத்தைவிட வாட் கூடிய 100/90 பல்பை எடுத்து நீட்டுவார். போட்ட அன்று கொஞ்சம் பளிச்சென்றுதான் தெரியும். அப்புறம் சில மாதங்களில் கப்ளர் (பல்பின் பின்னால் மாட்டும் ஒயர் பிளக்) உருகும், அல்லது டூமுக்குள் (ஹெட்லைட்டின் முழுக் கூடு) ரிஃப்ளெக்டர் கருகும். வெளிச்சம் முன்பைவிட மோசமாகிவிடும்.

பழைய காரில் பல்பே காரணமாக இருப்பது குறைவு. பேட்டரியில் உள்ள வோல்டேஜ் பல்புக்கு முழுசாக வந்து சேர்ந்திருக்காது. அது வந்திருந்தால், பல்பின் வெளிச்சம் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. இரண்டில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் ஒரு சாயங்காலமும் போதும்.

இங்கே சொல்வதெல்லாம் 12 வோல்ட் பேட்டரியும் எச்4 பல்பும் உள்ள கார்களுக்கு. மாருதி 800, ஆம்னி, ஜென் போன்றவை. எச்4 என்பது ஒரே பல்புக்குள் இரண்டு இழை உள்ளது; ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். பின்னால் மூன்று கால்கள் இருக்கும். ஒன்று ஹை, ஒன்று லோ, மூன்றாவது இரண்டுக்கும் பொது.

முதலில் நிறத்தைப் பாருங்கள்

இருட்டியதும் காரை ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு லைட்டைப் போடுங்கள். வெளிச்சம் மஞ்சளாக, கொஞ்சம் செம்மை தட்டியதுபோல் இருந்தால் வோல்டேஜ் பற்றவில்லை என்று அர்த்தம். சூடு குறைந்த இழை மஞ்சளாகத்தான் எரியும். வெள்ளையாகவே எரிகிறது, ஆனால் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை என்றால் கரண்டில் குறை இல்லை. டூம், கண்ணாடி, பல்ப் உட்கார்ந்திருக்கும் விதம், லைட் பார்க்கும் திசை இவற்றில்தான் குறை. அப்படியானால் மீட்டர் வேலையைத் தாண்டி, கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைக்கலாம். ஹாலோஜன் பல்பில் அந்தக் கணக்கு செல்லாது. வோல்டேஜ் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 16 சதவீதம் குறையும். 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் 30 சதவீதம் போய்விடும். 20 சதவீதம் குறைந்தால் பாதிக்கும் கீழே. எச்4 பல்பின் வெளிச்சத்தை அளப்பதே 13.2 வோல்ட்டில்தான்; அந்த வோல்டேஜில் ஹை பீம் 1650 லூமென், லோ பீம் 1000 லூமென் தர வேண்டும். அதே பல்புக்கு 10.6 வோல்ட்தான் போகிறது என்றால், காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தில் பாதிகூட ரோட்டுக்கு வராது.

அறிகுறி: இரண்டு லைட்டும் மங்கல், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் தெளிகிறது

இது சார்ஜிங் பக்கத்துக் கோளாறு. சிக்னலில் நிற்கும்போது மங்கி, நகர்ந்ததும் தெளியும். ஃபேனோ வைப்பரோ ஓடினால் இன்னும் இறங்கும்.

எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12க்கும் கீழே என்றால் பேட்டரி காலியாகவே கிடக்கிறது. அடுத்து எஞ்சினை ஓட்டி, ஆர்.பி.எம். 2000 அளவுக்குக் கொடுத்து, ஹெட்லைட்டையும் ப்ளோயரையும் போட்டுவிட்டு மறுபடி பேட்டரி முனைகளிலேயே அளக்க வேண்டும். 13.5 முதல் 14.5 வரை இருந்தால் டைனமோ சரியாக வேலை செய்கிறது. (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் டைனமோ என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.) 13க்கும் கீழே இருந்தால் டைனமோவைக் கழற்றும் முன் பெல்ட்டைப் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும், லைட் போட்டதும் கீச்சென்று சத்தம் வந்தால் பெல்ட் வழுக்குகிறது. இழுத்து வைத்தால், அல்லது புது பெல்ட் போட்டால், பல கார்களில் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

பெல்ட் சரியாக இருந்தும் வோல்டேஜ் வரவில்லையா? டைனமோவின் பின்னால் தடிமனான ஒயர் மாட்டியிருக்கும் போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். அங்கே 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டைனமோ செய்யும் கரண்ட் வழியிலேயே வீணாகிறது; அந்த ஒயரின் லக்கை, அதாவது நுனியில் உள்ள உலோக வளையத்தை, கழற்றிச் சுரண்டி இறுக்க வேண்டும். அது 0.3க்குள் இருந்தால் டைனமோவுக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், டயோடு போயிருக்கலாம், ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம். அதை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுவது நல்லது.

இதற்கு நேர்மாறாக 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. அப்போது லைட் மங்காது. பல்ப் அடிக்கடி ப்யூஸ் போகும், பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் வற்றும். அதையும் விட்டுவைக்கக் கூடாது.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் எந்த அளவையும் எடுக்க வேண்டும். நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். ஆப்ப சோடா கலந்த வெந்நீரை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரைந்துவிடும். துடைத்து, உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள்.

அறிகுறி: எஞ்சின் எப்படி ஓடினாலும் இரண்டு லைட்டும் மஞ்சள்தான்

பழைய கார்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான். பேட்டரியில் 13.9 இருக்கும், பல்பில் 11 இருக்கும். நடுவே உள்ள ஒயர், ஃப்யூஸ், சுவிட்ச், கப்ளர் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்.

பல பழைய கார்களில் ஹெட்லைட்டுக்கு ரிலே (சின்னக் கரண்டால் இயங்கி, பெரிய கரண்டை விடும் மின் சுவிட்ச்) கிடையாது. இரண்டு பல்புக்குமான கரண்ட், அதாவது ஏறக்குறைய 9 ஆம்பியர், பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் பாக்ஸுக்குப் போய், அங்கிருந்து ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள காம்பினேஷன் சுவிட்சுக்குப் போய், திரும்பி முன்னால் வந்து பல்பைத் தொடும். சுற்றி வரும் அந்த ஒயர் மெல்லியது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 5 மீட்டர் தூரத்துக்கு 9 ஆம்பியர் ஓடினால், ஒயர் புதிதாக இருந்தாலே முக்கால் வோல்ட் போய்விடும். இருபது வருடம் ஆன சுவிட்ச் முனையும் களிம்பேறிய கப்ளரும் சேர்ந்தால் எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பழைய அம்பாசடரில் ஹை, லோ மாற்றக் காலால் மிதிக்கும் டிப் சுவிட்ச் இருக்கும். செருப்போடு வரும் மண்ணும் மழைத் தண்ணீரும் நேராக அதன் தலையில்தான் விழும். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் தேடலை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

எங்கே எவ்வளவு போகிறது என்று அளக்கும் முறை இதுதான். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். பல்பின் கப்ளர் மாட்டியே இருக்க வேண்டும், லைட் எரிந்துகொண்டிருக்க வேண்டும். கப்ளரைக் கழற்றிவிட்டு ஒயர் முனையில் அளந்தால் அந்த அளவை நம்பக் கூடாது. ஒயருக்குள் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.5 காட்டும், பல்ப் கரண்ட் இழுக்கும்போதுதான் அந்த ஒயரின் உண்மையான நிலை தெரியும். அதனால் கப்ளருக்குப் பின்னால் ஒயர் நுழையும் இடத்தில் ஒரு குண்டூசியைச் செருகி, உள்ளே உள்ள உலோகத்தைத் தொடவைத்து, அந்த ஊசியில் அளக்க வேண்டும். ஊசி இரண்டு ஒன்றையொன்று தொடாமலும் பாடியில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது ஃபேன், பெல்ட் பக்கம் கையோ ஒயரோ போகக் கூடாது.

இப்போது மூன்று அளவுகள். ஒன்று, பேட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே. இரண்டு, மீட்டரின் சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை பல்புக்குக் கரண்ட் வரும் காலில். மூன்று, சிவப்பு முனை பல்பின் எர்த் காலில் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் கால்; பெரும்பாலும் பொதுக் கால்), கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். இரண்டாவது அளவு, வரும் வழியில் போன வோல்டேஜ். மூன்றாவது, திரும்பும் வழியில் போனது. வரும் வழியில் 0.5க்குள்ளும், எர்த்தில் 0.2க்குள்ளும் இருந்தால் பழைய காருக்கு நல்ல நிலை. அதைத் தாண்டினால் அந்தப் பக்கம்தான் வேலை இருக்கிறது.

சொந்தக்காரர் ஒருவரின் மாருதி 800இல் நான் எடுத்த அளவைச் சொல்கிறேன். பேட்டரியில் 13.9, வலது லோ பீமில் 10.6. வழியில் போன 3.3 வோல்ட்டில் 2.1 வரும் பக்கம், 1.2 எர்த் பக்கம். அந்தக் கப்ளரைக் கழற்றியபோது வெள்ளை பிளாஸ்டிக் ஒரு மூலையில் மட்டும் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. அந்த மூலையில் இருந்த பித்தளைக் கவ்வி விரிந்து, பல்பின் காலைப் பிடிக்காமல் சும்மா சாய்ந்து நின்றது. ஒயரின் தோல் விரலால் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே செம்பு கறுத்திருந்தது. அவர் அதுவரை அந்தப் பக்கம் பல்பைத்தான் மாற்றிக்கொண்டிருந்தார்.

வரும் பக்கத்தில் குறை என்று தெரிந்தால், சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலேயே வைத்துக்கொண்டு கறுப்பு முனையை ஒவ்வொரு நிறுத்தமாக நகர்த்துங்கள். ஃப்யூஸின் இந்தப் பக்கம், ஃப்யூஸின் அந்தப் பக்கம், சுவிட்சுக்குப் போகும் ஒயர், சுவிட்சிலிருந்து வரும் ஒயர், பல்ப் கப்ளர். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே அளவு சட்டென்று ஏறுகிறதோ அங்கேதான் கோளாறு. ஃப்யூஸ் நல்லதாக இருந்தாலும் அதைப் பிடிக்கும் கவ்வி தளர்ந்தோ களிம்பேறியோ இருக்கலாம். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியில் இது சகஜம். எக்ஸ்ட்ரா ஹாரன், ஃபாக் லைட், சவுண்ட் சிஸ்டம் என்று யாராவது நடுவில் ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தால், அந்த ஜாயின்டைப் பிரித்துப் பார்க்காமல் விடாதீர்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். எல்லாக் கார்களிலும் சுவிட்ச் பாசிட்டிவ் பக்கம் இருப்பதில்லை. மாருதி ஜிப்சி போன்ற சுசுகி வடிவமைப்புகளில் பல்பின் பொதுக் காலுக்கு பாசிட்டிவ் வரும். ஹை, லோ இரண்டையும் சுவிட்ச் எர்த் பக்கம்தான் மாற்றிவிடும். உங்கள் கார் எந்த வகை என்று பார்க்க, லைட்டைப் போட்டு லோ பீமில் வைத்து, ஒரு பல்பின் கப்ளரைக் கழற்றி மூன்று முனைகளையும் பேட்டரி நெகட்டிவை வைத்து அளந்து பாருங்கள். அடுத்து ஹை பீமுக்கு மாற்றி அளந்து பாருங்கள். எந்த பீமில் வைத்தாலும் ஏதாவது ஒரு முனையில் 12 வோல்ட் மாறாமல் நின்றால் எர்த் பக்கம் சுவிட்ச் உள்ள வகை. எந்த முனையிலும் அப்படி நிலையாக நிற்காமல், பீமை மாற்றும்போது 12 வோல்ட்டும் முனை மாறினால் பாசிட்டிவ் வகை. எர்த் வகையில் மேலே சொன்ன இரண்டாவது அளவைப் பொதுக் காலிலும், மூன்றாவதை லோ அல்லது ஹை காலிலும் எடுக்க வேண்டும். இது தெரியாமல் ரெடிமேட் ரிலே செட் வாங்கி மாட்டி, ஹை பீமும் லோ பீமும் குழம்பிப்போய் நிற்பவர்கள் உண்டு.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் மங்கல்

முதலில் இரு பக்கப் பல்புகளையும் இடம் மாற்றிப் போடுங்கள். மங்கல் பல்போடு சேர்ந்து இடம் மாறினால் பல்ப்தான் காரணம். இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். பழைய ஹாலோஜனின் கண்ணாடியில் உள்ளே கறுப்பு படிந்திருந்தாலும் அதன் காலம் முடிந்தது. மாற்றும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை சூட்டில் அந்த இடத்தைப் பலவீனமாக்கும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிடுங்கள். நீலம் பூசிய பல்பு வேண்டாம். அந்தப் பூச்சு வெளிச்சத்தை வடிகட்டிவிடும்.

மங்கல் அதே பக்கம் நின்றால், பத்தில் எட்டு இடத்தில் எர்த்தான் என்று தைரியமாகச் சந்தேகப்படலாம். அந்தப் பக்க எர்த் ஒயர் போய் எங்கே பாடியில் திருகியிருக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டே போங்கள். பெரும்பாலும் ஃபெண்டருக்குள்ளோ ரேடியேட்டர் தாங்கும் தகட்டிலோ ஒரு சின்னத் திருகாணியில் முடியும். டிங்கரிங், பெயின்டிங் முடித்து வந்த வண்டியா? அப்படியானால் அந்தத் திருகாணிக்குக் கீழே பெயின்ட் இருக்கும். புது பெயின்டின் மேல் லக்கை வைத்துத் திருகிவிட்டுப் போயிருப்பார்கள். பார்க்க ரொம்பச் சுத்தமாக இருக்கும், கரண்ட் போகாது. திருகாணியைக் கழற்றி, லக் உட்காரும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயின்டைச் சுரண்டித் தகடு மின்னவிட்டு, லக்கையும் தேய்த்து, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்குங்கள். மேலே கிரீஸ் தடவினால் துரு ஏறாது. துருப்பிடித்து ஓட்டையாகிப்போன தகட்டில் எர்த் எடுக்கவே கூடாது. அந்த மாதிரி வண்டியில் பல்பிலிருந்து தனி ஒயர் இழுத்து பேட்டரி நெகட்டிவிலேயே மாட்டிவிடுவது சரி.

எர்த் கெட்டதற்கு மீட்டர் இல்லாமலே தெரியும் அடையாளங்கள் சில உண்டு. லோ பீம் போட்டிருக்கும்போது டேஷ்போர்டில் ஹை பீமின் நீல விளக்கு லேசாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் அதே தாளத்தில் துடிக்கும். பார்க்கிங் லைட் ஹெட்லைட்டோடு சேர்ந்து மங்கும். காரணம் இதுதான்: திரும்பிப் போக எர்த் வழி இல்லாத கரண்ட் பல்புக்குள்ளேயே லோ இழையிலிருந்து ஹை இழைக்குத் தாவி, ஹை பீம் ஒயர் வழியாக எதிர்ப் பக்கப் பல்பைத் தேடிப் போகும். பல இழைகளைத் தாண்டிப் போவதால் எதுவுமே முழுசாக எரியாது. பாசிட்டிவ் பக்கம் சுவிட்ச் உள்ள காரில் இந்த அறிகுறியைப் பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டாம், மங்கலாக உள்ள பக்கத்து எர்த்துக்குப் போங்கள்.

ஒரு பக்கம் மட்டும் இல்லாமல் காரில் எல்லா லைட்டும் சோர்ந்திருந்தால், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்குப் போகும் ஒயரையும், எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் பட்டையையும் பாருங்கள். எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கி ஏற்றிய வண்டியில் அந்தப் பட்டையைத் திரும்ப மாட்ட மறந்திருப்பார்கள்.

அறிகுறி: போட்டதும் நன்றாக இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் மங்குகிறது

எங்கோ ஒரு மூட்டு சூடாகிறது. கால் மணி நேரம் லைட்டை எரியவிட்டுவிட்டு, பல்ப் கப்ளர், ஃப்யூஸ், ஸ்டியரிங் கவருக்குள் சுவிட்ச் கப்ளர் இவற்றை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைக்க முடியாத சூடு என்றால் அதுதான் இடம். பல்பை மட்டும் தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும். பிளாஸ்டிக் தீயும் வாசனை வந்தால் இந்தச் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு, சரிசெய்யும் வரை இரவில் வண்டியை எடுக்க வேண்டாம். 100/90 பல்ப் போட்டு ஓடிய கார்களில் இதை அதிகம் பார்க்கலாம்; 9 ஆம்பியருக்குச் செய்த சுவிட்சில் 15 ஆம்பியர் ஓடினால் முனைகள் கருகத்தான் செய்யும். உருகிய கப்ளருக்குப் பதில் செராமிக் ஹோல்டர் போடுங்கள், கருகிய ஒயரை நல்ல செம்பு தெரியும் இடம்வரை வெட்டிவிட்டுச் சேருங்கள். ஹை பீம் நன்றாக எரிந்து லோ பீம் மட்டும் இரு பக்கமும் மங்குகிறது என்றாலும் சுவிட்சின் லோ முனையைத்தான் பார்க்க வேண்டும். நகரத்தில் ஓடும் வண்டியில் அதிகம் வேலை செய்து தேய்வது அந்த முனைதான்.

நிரந்தர வழி: ரிலே

பழைய ஒயரையும் சுவிட்சையும் எவ்வளவு சுத்தம் செய்தாலும் அரை வோல்ட், ஒரு வோல்ட் போய்க்கொண்டேதான் இருக்கும். ரிலே போட்டுவிட்டால் சுவிட்ச் வழியாக ஓடுவது ரிலேயை இழுக்கும் சின்னக் கரண்ட் மட்டும். பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில் நேராகப் போகும். பழைய காருக்குச் செய்யும் செலவிலேயே இவ்வளவு பலன் தரும் செலவு குறைவு என்பது என் கருத்து.

சுவிட்ச் பாசிட்டிவ் பக்கம் உள்ள காருக்கு: லோ பீமுக்கு ஒரு ரிலே, ஹை பீமுக்கு ஒரு ரிலே. நாலு கால் உள்ள 12 வோல்ட், 30 ஆம்பியர் ரிலே போதும். கால்களின் எண் அதன் மேலேயே அச்சாகியிருக்கும். 30ஆம் காலுக்குப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒயர். 87ஆம் காலிலிருந்து இரு பல்புகளுக்கும். 86ஆம் காலுக்குப் பழைய கப்ளரில் வந்துகொண்டிருந்த லோ அல்லது ஹை ஒயர். 85 எர்த்துக்கு. பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ஒயரிலும் 15 ஆம்பியர் ஃப்யூஸ், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃப்யூஸ் இல்லாமல் நேராக இழுத்த ஒயர் எங்காவது உரசித் தோல் கிழிந்தால் வண்டி தீப்பிடிக்கும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. எர்த்துக்கும் அதே தடிமன் வேண்டும். வரும் வழியை மட்டும் பெருக்கிவிட்டு, திரும்பும் வழியைப் பழைய மெல்லிய ஒயரிலேயே விட்டால் பாதி வேலைதான் ஆகும். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் மழைத் தண்ணீர் தேங்காது.

மேலே சொன்ன 800இல் எர்த்தைப் புதுப்பித்து, ரிலே போட்டு, சாதாரண 60/55 பல்பையே மாட்டினோம். பல்பில் 13.4 வோல்ட் வந்தது.

அறிகுறி: வெள்ளையாக எரிகிறது, ஆனால் ரோடு தெரியவில்லை

வோல்டேஜ் சரி. இனி பார்க்க வேண்டியது வெளிச்சம் போகும் பாதையை.

டூமின் முகப்பு பிளாஸ்டிக்காக இருந்தால் வெயிலில் மஞ்சளித்து, பனி படர்ந்ததுபோல் ஆகியிருக்கும். அதைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, 800, 1500, 2000 எண் வாட்டர் பேப்பரால் வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கடைசியில் ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றலாம். ஆனால் வெயிலைத் தாங்கும் கிளியர் கோட் மேலே அடிக்காவிட்டால் சீக்கிரமே மறுபடி மஞ்சளித்துவிடும். டூத் பேஸ்ட் வைத்துத் தேய்ப்பது தற்காலிகப் பளபளப்புதான். கண்ணாடி முகப்பு என்றால் மஞ்சளிக்காது; உள்பக்கம் புகை போல் படிந்த அழுக்கு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முகப்பு தெளிவாக இருந்தும் உள்ளே ரிஃப்ளெக்டர் சாம்பல் நிறமாகவோ உரிந்தோ தெரிந்தால் டூமை மாற்றுவதைத் தவிர வழியில்லை. அது அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்த மிக மெல்லிய பூச்சு. துடைத்தாலே கையோடு வந்துவிடும். பல்புக்குப் பின்னால் போடும் ரப்பர் மூடி கிழிந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். தூசியும் ஈரமும் அந்த வழியாகத்தான் உள்ளே போய் ரிஃப்ளெக்டரைக் கெடுக்கின்றன.

சில பழைய வண்டிகளில் ஹெட்லைட்டின் மேல் பாதிக்குக் கறுப்பு பெயின்ட் அடித்திருப்பார்கள், அல்லது கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். எதிரே வருபவரின் கண் கூசக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். எச்4 பல்பில் அதற்கு அவசியமே இல்லை. லோ இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது. கீழே போகும் வெளிச்சத்தை அது மறைத்துவிடுவதால் லோ பீமில் ரிஃப்ளெக்டரின் மேல் பாதி மட்டுமே வேலை செய்கிறது. அந்த மேல் பாதியின் முன்னால் கறுப்பை அடித்தால் லோ பீமில் மிச்சம் ஒன்றும் இருக்காது. எதற்காக அடித்தார்களோ அதற்கும் பயன் இல்லை, ஏனென்றால் கண் கூசுவது ஹை பீமிலும் திசை தப்பிய லைட்டிலும்தான். ஸ்டிக்கரை எடுத்துவிட்டு லைட்டின் திசையைச் சரிசெய்யுங்கள்.

பல்ப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எச்4 பல்பின் தட்டில் மூன்று காதுகள் இருக்கும். ஒரே ஒரு நிலையில்தான் டூமின் பள்ளத்தில் சரியாக இறங்கும். கம்பிக் கிளிப்பை மாட்டிய பிறகும் பல்ப் ஆடினால் இழை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சில மில்லிமீட்டர் விலகினாலும் வெளிச்சம் மரத்தின் மேலும் பள்ளத்திலும் சிதறும். எச்4 டூமுக்குள் மலிவான எல்இடி பல்பை மாட்டுவதையும் இதே காரணத்தால்தான் நான் ஏற்பதில்லை. இழை இருந்த இடத்தில் எல்இடி இருப்பதில்லை, ரிஃப்ளெக்டர் அதற்காகச் செய்ததும் இல்லை. காருக்கு முன்னால் நாலடி தூரம் பிரமாதமாக வெளுக்கும், தூரத்தில் மாடு நின்றால் தெரியாது, எதிரே பைக்கில் வருபவருக்குக் கண் இருட்டும்.

கடைசியாகத் திசை. டயரில் காற்று சரியாக அடித்து, டிக்கியில் பாரம் இல்லாமல், டிரைவர் சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். தரையிலிருந்து டூமின் நடு மையம் வரை உள்ள உயரத்தை அளந்து சுவரில் அதே உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. லோ பீம் போட்டால் சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கீழ்க் கோட்டில் நிற்க வேண்டும். இடது பக்கம் மட்டும் விளிம்பு கொஞ்சம் மேலேறி இருக்கும். நாம் இடது பக்கம் ஓட்டுவதால் ரோட்டோரம் நடப்பவரைக் காட்ட அப்படிச் செய்திருக்கிறார்கள், அது கோளாறு இல்லை. உங்கள் காரின் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். டூமுக்குப் பின்னால் உள்ள இரண்டு திருகாணிகளில் ஒன்று மேலும் கீழும், மற்றது இடமும் வலமும் திருப்பும். ஒரு லைட்டைத் துணியால் மறைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, முன் விளக்கின் ஒளி எதிரே இருப்பவரின் கண் கூசாதபடி கீழே சாய்ந்திருக்க வேண்டும் என்கிறது. 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்கு அது கூசக் கூடாது. ரிலே போட்டு வெளிச்சம் கூடிய பிறகு இதைச் சரிபார்ப்பது இன்னும் அவசியம். மங்கலாக இருந்தவரை யாரையும் தொந்தரவு செய்யாத ஒரு சாய்வு, இப்போது எதிரே வருபவரின் முகத்தில் அடிக்கும். திருகாணி துருப்பிடித்துச் சுற்றவில்லை என்றால் பலமாகத் திருகி டூமின் பிளாஸ்டிக் காதை உடைத்துவிடாதீர்கள். துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் முயன்று பாருங்கள்.